ஆர்க்கெஸ்ட்ராவில் கிளாரினெட்: மும்பையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கிளாரினெட் கையில் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது விரல் அட்டவணையை. எந்த ஸ்வரத்துக்கு எந்தத் துளை, எந்தக் கீ என்பதைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துவிடலாம். அதற்குப் பிறகும் வாத்தியம் கீச்சிடும், கரகரக்கும், பக்கத்தில் வாசிப்பவரோடு ஒட்டாது. அப்போது முதலில் மூச்சைப் பாருங்கள், அடுத்து வாயில் அதிரும் நாணல் பட்டையான ரீடைப் பாருங்கள், விரலுக்குக் கடைசியாக வாருங்கள். பெரும்பாலான கோளாறுகள் முதல் இரண்டிலேயே அகப்பட்டுவிடும்.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கம் பாட்டோ வயலினோ மிருதங்கமோ கற்றுவிட்டு இந்த வாத்தியத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சுருதி விலகினால் காது உடனே சொல்லிவிடும். தாளக் கணக்கும் தப்பாது. ஆர்க்கெஸ்ட்ராவில் இவை இரண்டும் பெரிய மூலதனம். ஊதும் முறையையும் நொட்டேஷன் படிப்பதையும் மட்டும் புதிதாகப் பழக வேண்டும்.

எந்த வாத்தியத்தை வாங்குவது

பி பிளாட் கிளாரினெட், போம் அமைப்பு (ஒரு விரல் முறை), 17 கீ, 6 ரிங் (துளையைச் சுற்றிய வளையம்). வேறு எதையும் முதல் வாத்தியமாக வாங்க வேண்டாம். யமஹா ஒய்சிஎல்-255 போன்ற பிளாஸ்டிக் உடல் உள்ளதே மும்பைக்குச் சரி. ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்த கிளாரினெட்டின் ஒலி அழகானதுதான். ஆனால் மழைக்காலத்தில் மரம் ஊதிப்போய், குழாயின் பகுதிகளான ஜாயின்ட்கள் இறுகிக்கொள்ளும். ஏசி அறைக்குப் போனால் காய்ந்து சுருங்கும். இந்த இழுபறியில் மேல் ஜாயின்ட்டின் மேற்பகுதியில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று வருடம் வாசித்து, பராமரிப்புப் பழக்கம் ஊறிய பிறகு மரத்துக்கு மாறலாம். மாறினாலும் முதல் சில வாரங்கள் நாளைக்கு 15 முதல் 20 நிமிடம் மட்டும் ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள்.

புதியது வாங்க தோபி தலாவில் உள்ள ஃபுர்ட்டாடோஸ் போன்ற கடைகள் இருக்கின்றன. பழையது வாங்கினால் மூன்றைச் சோதியுங்கள். முதலாவது, உடலில் 'ஹெச்.பி.' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பழைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளின் உயர்ந்த சுருதிக்காகச் செய்தது. ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் சுமார் 452இல் நிற்கும். ஜாயின்ட்களை எவ்வளவு வெளியே இழுத்தாலும் இன்றைய ஆர்க்கெஸ்ட்ராவோடு சேராது. இரண்டாவது, சுண்டுவிரல் கீகளுக்கிடையே சிறு உருளைகள் இருந்து ரிங்குகள் குறைவாக இருந்தால் அது ஆல்பர்ட் அமைப்பு. கல்யாண பேண்டுகளில் நன்றாக ஓடும், உங்கள் பாடப் புத்தகத்தின் விரல்களுக்கு ஒத்துவராது. மூன்றாவது காற்றுக்கசிவு. மேல் ஜாயின்ட்டைத் தனியாக எடுத்து, எல்லாத் துளைகளையும் இடது கை விரல்களால் மூடி, கீழ் வாயை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் காற்றை உறிஞ்சுங்கள். மூன்று நான்கு வினாடி அந்த இறுக்கம் நின்றால், துளைகளை மூடும் மெத்தைகளான பேட்கள் சரி. உடனே விட்டுவிட்டால் பேட் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

மாட்டும் வரிசை

ரீடை முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டுவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

1. பகுதிகள் இணையும் இடங்களிலுள்ள நான்கு கார்க்குகளிலும் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். புது வாத்தியத்துக்குத் தினமும், பிறகு தேவைப்படும்போது மட்டும்.
2. அடியில் விரிந்திருக்கும் பெல்லைக் கீழ் ஜாயின்ட்டில் திருகுங்கள். நீளக் கம்பிகளைப் பிடித்து அழுத்தக் கூடாது. வளைந்தால் கீ ஒட்டிக்கொள்ளும்.
3. மேல் ஜாயின்ட்டின் ரிங்குகளை அழுத்திப் பிடித்தபடியே கீழ் ஜாயின்ட்டில் இறக்குங்கள். அப்படி அழுத்தினால்தான் இரண்டையும் இணைக்கும் பாலக் கீ மேலே தூக்கும். இதை மறந்தால் அந்தச் சிறு கார்க் பிய்ந்துவிடும், அல்லது கீயே வளையும். புதியவர்களின் வாத்தியம் ரிப்பேருக்குப் போக முக்கியக் காரணம் இந்த இடம்தான்.
4. மேல் ஜாயின்ட்டின் மேல் பேரல் என்ற சிறு குழாய், பிறகு வாயில் வைக்கும் மவுத்பீஸ். மவுத்பீஸின் தட்டைப் பக்கம் பின்னால் உள்ள கட்டைவிரல் துளைக்கு நேராக இருக்க வேண்டும்.
5. ரீடைப் பிடித்துவைக்கும் பட்டையான லிகேச்சரைத் தளர்வாக மாட்டிவிட்டு, ரீடை அதற்குள் மேலிருந்து செருகுங்கள். ரீடை முதலில் வைத்துவிட்டு லிகேச்சரை மேலே இறக்கினால் நுனி உடையும்.

ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையே தலைமுடி கனத்துக்குக் கறுப்பு தெரிந்தால் போதும். ரீடு மெலிந்ததாகத் தோன்றினால் ஒரு முடியளவு மேலே தள்ளுங்கள், கொஞ்சம் கெட்டியாகும். கெட்டியாக இருந்தால் அதே அளவு கீழே இறக்குங்கள். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் கீச்சிடும். கீழ்த் திருகை உறுதியாக, மேல் திருகை அதைவிடத் தளர்வாக முடுக்குங்கள்.

வாயும் மூச்சும்

கீழுதட்டின் சிவப்பில் பாதியைக் கீழ்ப்பற்களின் மேல் மடியுங்கள். மேற்பற்கள் மவுத்பீஸின் மேல்பகுதியில், நுனியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நேராக உட்காரட்டும். அங்கே ஒரு ரப்பர் ஒட்டு ஒட்டிக்கொண்டால் பல் வழுக்காது, கூச்சமும் குறையும். வாயின் இரு ஓரங்களும் உள்ளே இறுகி, முகவாய் தட்டையாகக் கீழே இழுபட்டிருக்க வேண்டும். முகவாயில் சுருக்கம் விழுந்தால் உதடு மேலே குவிந்து ரீடின் அசைவை அடக்குகிறது என்று பொருள். வாத்தியம் உடம்பிலிருந்து 30 முதல் 40 பாகைக் கோணத்தில் இருக்கட்டும். வாத்தியத்தை முன்னால் தூக்கிப் பிடித்தாலும் தலையைக் குனிந்தாலும் ஒலி பரந்துபோகும்.

இது சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மவுத்பீஸையும் பேரலையும் மட்டும் சேர்த்து ஊதுங்கள். போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்தால் எஃப் ஷார்ப், அதாவது நான்கரைக் கட்டை காட்ட வேண்டும். கீழே இறங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது அல்லது காற்று சோம்பலாகப் போகிறது. மேலே ஏறினால் தாடையால் கடிக்கிறீர்கள். அந்த ஸ்வரம் ஆடாமல் பத்து வினாடி நிற்கும்வரை மீதி வாத்தியத்தை மாட்ட வேண்டாம். முதல் வாரம் முழுவதும் இது ஒன்றே போதும் என்றுகூடச் சொல்லலாம்.

மூச்சு இழுக்கும்போது தோள் உயரக் கூடாது. விலாவும் முதுகின் கீழ்ப்பகுதியும் விரிய வேண்டும். ஊதும்போது நாக்கின் பின்பகுதி 'ஈ' என்று சொல்லும் நிலையில் உயர்ந்திருந்தால் காற்று குறுகி வேகமாகப் போகும். 'ஆ' என்று இறங்கினால் மேல் ஸ்வரங்கள் தொங்கும்.

தினப் பயிற்சியை மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 60இல், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டில், வையுங்கள். நான்கு எண்ணிக்கைக்கு மூச்சு இழுத்து, கீழ் ஸ்வரங்களில் ஒன்றை எட்டு எண்ணிக்கைக்கு மிகச் சன்னமாகத் தொடங்கிப் பெருக்கி, அடுத்த எட்டில் மறுபடி சன்னமாக்குங்கள். ட்யூனர் முள்ளைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். சன்னமாகும்போது முள் மேலே ஏறுவதையும், பலமாகும்போது இறங்குவதையும் கவனிப்பீர்கள். கிளாரினெட்டின் குணமே இது. புல்லாங்குழல் இதற்கு நேர்மாறு: பலமாக ஊதினால் ஏறும், சன்னமானால் இறங்கும். ஆர்க்கெஸ்ட்ராவில் இவர்கள் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து ஒரே மெட்டை வாசிக்கும்போது தொல்லை எங்கே பிறக்கிறது என்று இதிலிருந்து புரியும். சன்னமாகும்போது காற்றின் வேகத்தைக் குறைக்காமல் அளவை மட்டும் குறைத்து, தாடையை இம்மியளவு தளர்த்துவது ஒன்றே வழி. அது கைவர மாதங்கள் ஆகும்.

வாத்தியம் சுமார் முக்கால் கிலோ எடை. அது முழுவதையும் வலது கட்டைவிரல் தாங்குகிறது. நகத்தின் அடிப்பகுதிக்கும் முதல் மூட்டுக்கும் இடையே தாங்கியை வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராமல் கழுத்துப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ரீடு: மும்பையில் இதுதான் பெரிய பாடம்

ரீடு என்பது தெற்கு பிரான்ஸின் வார் பகுதியில் அதிகமாக விளையும் நாணல் தட்டை. ஈரம் ஏறினால் ஊறும், இறங்கினால் நெளியும். ஜூலை மாதம் செம்பூர் வீட்டில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அதே ரீடை எடுத்துக்கொண்டு ஏசி போட்ட ஒத்திகை அறைக்குப் போனால் பத்து நிமிடத்தில் நுனி அலை அலையாகச் சுருங்கிவிடும். வீட்டில் நன்றாகப் பேசிய ரீடு அங்கே ஏன் மக்கர் செய்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தொடக்கத்துக்கு 2 அல்லது 2½ எண். எண் உயர்ந்தால் வாசிப்பும் உயரும் என்று சிலர் நினைத்து மூன்று மாதத்தில் 3½க்குத் தாவுகிறார்கள். மவுத்பீஸின் நுனித் திறப்பு அகலமாக இருந்தால் கெட்டி ரீடைக் கடித்து அடக்கத்தான் வேண்டியிருக்கும். உதடு புண்ணாகும், சுருதி ஏறும். தொடக்க வாத்தியத்தோடு வரும் மவுத்பீஸ் ஒரு வருடத்துக்குப் போதும். அதன் பிறகு வேண்டோரன் பி45 போன்ற ஒன்றை ஆசிரியரின் காது முன்னால் சோதித்து வாங்குங்கள்.

பத்து ரீடு உள்ள பெட்டி வாங்கியதும் ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் எண்ணும் தேதியும் போடுங்கள். முதல் நாள் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நிமிடம், நடுத்தர பலத்தில், கீழ் ஸ்வரங்களில் மட்டும் ஊதுங்கள். அடுத்த நாள் ஐந்து நிமிடம், அதற்கடுத்த நாள் பத்து. ஒரு வாரத்தில் எது எப்படி என்று தெரிந்துவிடும். நல்ல நான்கைத் தேர்ந்தெடுத்து முறைவைத்து வாசியுங்கள். ஒன்றையே தேய்த்தால் அது செத்த அன்று கையில் எதுவும் இருக்காது. அந்த நாள் கச்சேரி நாளாகத்தான் இருக்கும்.

வாசித்து முடித்ததும் ரீடை விரலால் துடைத்து, மழைக்காலமானால் கால் மணி நேரம் திறந்த காற்றில் வைத்துப் பிறகே பெட்டிக்குள் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் சாம்பல் நிறப் புள்ளிகள் பூக்கும். பூஞ்சை பிடித்த ரீடைத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், குப்பைக்கு அனுப்புங்கள். பெட்டியின் அடித்தளம் கண்ணாடி போலத் தட்டையாக இருந்தால் ரீடு வளையாது. வளைந்துவிட்டதா என்று பார்க்க ஈர ரீடை ஜன்னல் கண்ணாடி மேல் வைத்து ஓரங்களை அழுத்துங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் 600 எண் உப்புத்தாளைப் பரப்பி, ரீடின் தட்டைப் பக்கத்தை நாலைந்து முறை மெதுவாக ஓட்டினால் பல சமயம் சரியாகும். செதுக்கும் பக்கத்தில் கத்தி வைப்பது முதல் வருடத்து வேலை கிடையாது.

ஏசி அறையில் நுனி நெளிந்தால் அரை நிமிடம் வாயில் வைத்து நனைத்து, மவுத்பீஸ் மேல் வைத்துக் கட்டைவிரலால் நுனியைத் தட்டையாக அழுத்துங்கள். செயற்கை ரீடு ஒன்றைப் பையில் வைத்திருப்பதும் நல்ல யோசனை. ஒலியில் கொஞ்சம் குறைந்தாலும் ஈரம், வறட்சி எதற்கும் அது அசைவதில்லை.

விரல்கள்

கிளாரினெட் ஒரு பக்கம் அடைத்த உருளைக் குழாய் போல நடந்துகொள்வதால், பின்னாலுள்ள ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறாது. ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு பஞ்சமமும் ஏறும். கீழே சி பிடித்த அதே விரல்கள் மேலே ஜி தரும். அதாவது ச பிடித்த விரலில் மேல் ஸ்தாயி ப. புல்லாங்குழல் வாசித்தவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப நடுவில் ஜி, ஜி ஷார்ப், ஏ, பி பிளாட் என்ற நான்கு தொண்டை ஸ்வரங்கள் இருக்கின்றன. குழாயின் மிகக் குறுகிய நீளத்தில் பிறப்பதால் ஒலி மெலிந்திருக்கும், சுருதியும் நிலையில்லை. இவற்றை வாசிக்கும்போது வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் தங்கள் துளைகளை மூடியிருந்தால் ஒலி தடிக்கும், ஏறும் சுருதியும் அடங்கும்.

தொண்டை ஏயிலிருந்து அதற்கடுத்த பிக்குத் தாண்டுவதுதான் எல்லோரும் அஞ்சும் இடம். ஒரு விரலிலிருந்து ஒரே நொடியில் எட்டு விரல்களுக்குத் தாவ வேண்டும். ஆகவே முன்கூட்டியே மூடிவிடுங்கள். ஏ வாசிக்கும்போதே வலது கை விரல்கள் எல்லாம் துளைகளில் உட்கார்ந்திருக்கட்டும், ஒலி கெடாது. இடது ஆள்காட்டி விரலை ஏ கீயிலிருந்து தூக்கி வைக்காமல், பக்கவாட்டில் உருட்டித் துளைக்குக் கொண்டுவாருங்கள். காற்றை அந்த இடத்தில் சற்று முன்னாலேயே தள்ளுங்கள். விரல் சரியாக இருந்தும் ஸ்வரம் வரவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காற்று அந்த நொடியில் தயங்கியிருக்கும்.

கீச்சுச் சத்தம் வந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்: வலது மோதிர விரல் துளையை முழுதாக மூடியிருக்கிறதா, வலது ஆள்காட்டி விரலின் பக்கம் தெரியாமல் பக்கக் கீகளை அழுத்துகிறதா, இடது கை ஜி ஷார்ப் கீயை உரசுகிறதா, மவுத்பீஸ் வாய்க்குள் அதிகமாகப் போய்விட்டதா, ரீடின் நுனி கீறியிருக்கிறதா. விரல் நுனியால் மூடாமல் சதைப்பற்றால் மூடுங்கள். எடுத்துப் பார்த்தால் விரலில் துளையின் வட்டம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும்.

சுண்டுவிரல் கீகளில் இ, எஃப், எஃப் ஷார்ப் மூன்றும் இரண்டு கைகளிலும் கிடைக்கும். மேல் ஸ்தாயியில் அவை பி, சி, சி ஷார்ப் ஆகின்றன. ஒரே விரலை ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு வழுக்காமல், வலம் இடம் வலம் என்று மாற்றி வாசிக்க முதலிலிருந்தே பழகுங்கள். இ பிளாட் பெரும்பாலான வாத்தியங்களில் வலது கையில் மட்டுமே உண்டு. ஆகவே அதற்கு முன்னால் வரும் ஸ்வரத்தை இடது கையில் எடுக்க வேண்டும். நொட்டேஷனில் அந்த இடத்தில் இடதுக்கு 'இ' என்றோ வலதுக்கு 'வ' என்றோ பென்சிலில் குறித்துவிடுங்கள்; அனுபவமுள்ளவர்கள்கூடக் குறிக்கிறார்கள்.

நாக்கைப் பற்றி ஒன்றே ஒன்று: நாக்கின் நுனி ரீடின் நுனிக்குச் சற்றுக் கீழே 'தி' என்று தொட்டு விலகினால் போதும். காற்று நிற்கவே கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் தொண்டையில் காற்றை வெட்டினால் வேகம் ஒருபோதும் வராது. மெட்ரோனோம் 60இல் பதினாறாம் ஸ்வரங்களில் (தட்டுக்கு நான்கு) தொடங்கி, சுத்தமாக வந்தால் மட்டும் நாலு நாலாக ஏற்றுங்கள்.

சுருதியும் கட்டையும்

பி பிளாட் கிளாரினெட்டில் நீங்கள் சி என்று எழுதியதை வாசித்தால் வெளியே வருவது பி பிளாட். கட்டைக் கணக்கில் சொன்னால் உங்கள் ஒரு கட்டை உலகத்துக்கு ஆறரைக் கட்டை. வயலின்காரர் தன் தாளை நீட்டி இதை வாசியுங்கள் என்றால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு முழு ஸ்வரம் மேலே ஏற்றிப் படிக்க வேண்டும். அவருடைய சி உங்களுக்கு டி. பழைய இசைக்கோர்ப்புகளில் சி கிளாரினெட்டுக்கு எழுதிய தாள்கள் வரும்போது இந்தத் திறமைதான் கைகொடுக்கும். தினமும் ஒரு சிறு மெட்டை இப்படி ஏற்றிப் படித்துப் பாருங்கள்.

ஒத்திகைக்கு முன் ஓபோ என்ற ஊதுவாத்தியம் ஏ கொடுக்கும். ஆறு கட்டை. பி பிளாட் கிளாரினெட்டில் அதற்கு நடுக் கோட்டு பியைப் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் சேர்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது, ஏனென்றால் அது கிட்டத்தட்ட முழுக் குழாயின் ஸ்வரம். எந்த விரலும் மூடாத ஜியையும் சேர்த்துப் பாருங்கள். ஜி ஏறியிருந்தால் பேரலை ஒரு மில்லிமீட்டர் இழுங்கள். நடு ஸ்வரங்கள் ஏறியிருந்தால் இரண்டு ஜாயின்ட்களுக்கு நடுவே இழுங்கள். பேரலையே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இழுத்துச் சமாளித்தால் தொண்டை ஸ்வரங்கள் மற்றதைவிட அதிகமாக இறங்கி வாத்தியம் தனக்குத்தானே ஒட்டாது. ஆர்க்கெஸ்ட்ரா 440இலா 442இலா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். 442 என்றால் 66 மி.மீ. பேரலுக்குப் பதில் 65 மி.மீ. ஒன்று தேவைப்படலாம். குளிர்ந்த வாத்தியம் இறங்கியிருக்கும். சூடேறாத வாத்தியத்தைச் சுருதி சேர்ப்பது வீண் வேலை. ஐந்து நிமிடமாவது ஊதிய பிறகு சேருங்கள்.

ஏ கிளாரினெட்

ஷார்ப் அதிகமுள்ள ஸ்கேல்களில் எழுதும்போது இசையமைப்பாளர்கள் ஏ கிளாரினெட்டைக் கேட்பார்கள். அது அரை ஸ்வரம் கீழே, கொஞ்சம் நீளம், ஒலியில் கொஞ்சம் கருமை. 1791இல் மொஸார்ட் எழுதிய கிளாரினெட் கான்செர்ட்டோவும் ஏ கிளாரினெட்டுக்குத்தான். ஆர்க்கெஸ்ட்ரா தேர்வுகளில் அதன் முதல் பகுதியை வழக்கமாகக் கேட்கிறார்கள். இன்று வாங்க வேண்டியதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் தொடர்ந்து வாசிக்க முடிவானால் தப்ப முடியாது.

மாற்றும் முறை: ரீடோடு சேர்த்து மவுத்பீஸை மட்டும் கழற்றி அடுத்த வாத்தியத்தில் மாட்டுங்கள். ஸ்டாண்டில் நின்ற வாத்தியம் ஏசியில் குளிர்ந்து இறங்கியிருக்கும். மாற்றுவதற்குச் சில பார் (தாளச் சுற்று) முன்பே எடுத்துத் துளைகளை மூடிச் சத்தமில்லாமல் உள்ளே காற்றை ஊதிச் சூடாக்குங்கள். ஓபோவின் ஏக்கு இதில் சி பிடிக்க வேண்டும். தாளில் மாற்றும் இடத்தைப் பெரிய வட்டமிட்டுக் குறியுங்கள். தவறான வாத்தியத்தோடு நுழைந்தால் அரை ஸ்வரம் விலகி, கடைசி வரிசை ரசிகர்கள்வரை கேட்கும்.

ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்

2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா நாரிமன் பாயின்ட்டில் உள்ள என்சிபிஏ என்ற கலை மையத்தின் ஆர்க்கெஸ்ட்ரா. ஒரு கச்சேரிக்காவது அங்குள்ள ஜம்ஷெட் பாபா தியேட்டரின் மேல்தளத்தில் இடம் வாங்குங்கள். கீழே உட்கார்ந்தால் வயலின்களின் முதுகுதான் தெரியும். மேலிருந்து மர ஊதுவாத்தியங்களின் இரண்டு வரிசையும் தெரியும். முன்வரிசையில் புல்லாங்குழலும் ஓபோவும், பின்வரிசையில் கிளாரினெட்டும் பசூனும். நான்கின் முதல் வாசிப்பாளர்களும் நடுவில் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். கண்டக்டரின் கையைவிட இந்த நால்வர் மூச்சிழுக்கும் அசைவைப் பாருங்கள். எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

புதிதாகச் சேருபவருக்குப் பொதுவாக இரண்டாம் கிளாரினெட் கிடைக்கும். இரண்டாவது என்பது குறைந்த வேலை என்று எண்ண வேண்டாம். முதல் கிளாரினெட்டின் சுருதிக்குள் அடங்கி, அவரைவிட ஒரு நூல் சன்னமாக, அவரோடு ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிக்க வேண்டும். அவருடைய சுருதி தவறு என்று உங்களுக்குத் தோன்றினாலும் அவரோடுதான் சேர வேண்டும். ஒத்திகை இடைவேளையில் தனியாகப் பேசிக்கொள்ளலாம். சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி தொடங்குவதே இரண்டு ஏ கிளாரினெட்டுகள் கீழ் ஸ்தாயியில் ஒரே மெட்டை ஒன்றாக வாசிப்பதில்தான். அங்கே இருவரின் ஒலி இரண்டாகக் கேட்டால் அந்த இடமே போயிற்று. தோழர் ஒருவரோடு உட்கார்ந்து அந்த முதல் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். ஒட்டி வாசிப்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஓய்வுகளை எண்ணுவது தனி வித்தை. 32 பார் ஓய்வு என்றால் ஒவ்வொரு பாரின் முதல் தட்டையும் பாரின் எண்ணாகச் சொல்லுங்கள்: ஒன்று-ரெண்டு-மூணு-நாலு, ரெண்டு-ரெண்டு-மூணு-நாலு, மூணு-ரெண்டு-மூணு-நாலு. தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே வரும். ஆனால் தொடையில் தட்டவோ காலை ஆட்டவோ கூடாது. அது பக்கத்தவரின் எண்ணிக்கையைக் கலைக்கும். ஷூவுக்குள் கால் விரலை அசைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓய்வின் முடிவில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதை முழு இசைத்தாளைக் கேட்டுக் குறித்துவையுங்கள்: 'ஹார்ன் இரண்டு தடவை, பிறகு நாம்'. எண்ணிக்கை தப்பினால் ஊகித்து நுழையாமல் அடுத்த அடையாளம்வரை காத்திருங்கள். தவறான இடத்தில் நுழைவதைவிட வராமல் இருப்பது நல்லது.

மூச்சு விடும் இடங்களை முதல் ஒத்திகையிலேயே பென்சிலில் குறியுங்கள். இரண்டு கிளாரினெட்டும் ஒரே நீண்ட ஸ்வரத்தைப் பிடிக்கும்போது மூச்சை மாறி மாறி எடுப்பது என்று பேசி வைத்துக்கொண்டால் ஓட்டை தெரியாது. வாத்தியத்துக்குள் தண்ணீர் சேர்ந்து குளுகுளு என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் மேல் ஜாயின்ட்டின் சி ஷார்ப் துளைதான். பான் கடையில் கிடைக்கும் சிகரெட் சுருட்டும் தாளில் கோந்து ஓரத்தை வெட்டிவிட்டு, பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து மெதுவாக அழுத்தி எடுங்கள். ஒரு கட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

கச்சேரி நாள்

செம்பூரிலிருந்து ஹார்பர் லைன், மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல்; எதில் வந்தாலும் பெட்டியை முதுகில் மாட்டாமல் நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முதுகுப் பக்கம் என்ன நசுங்குகிறது என்று தெரியாது, கீ வளைய ஒரு முழங்கை போதும். மழையானால் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. வியர்வையும் புழுக்கமுமாக வந்து ஏசி ஹாலுக்குள் நுழைந்த உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம். மூடியபடி கால் மணி நேரம் விட்டால் வாத்தியம் மெதுவாக அறைக்குப் பழகும். மரக் கிளாரினெட் வைத்திருப்பவர்கள் இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. ஆகவே ஒத்திகைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: முறைவைத்த நான்கு ரீடு, ஒரு செயற்கை ரீடு, சிறு தண்ணீர்ப் புட்டி, துடைக்கும் துணி, கார்க் கிரீஸ், சின்னத் திருப்புளி, இரண்டு பென்சில், மடக்கு ஸ்டாண்ட். ஹாலின் நடு மேடையில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் ரீடுதான் கச்சேரி ரீடு. வீட்டில் தேர்ந்தெடுத்தது அங்கே செல்லாது.

முடிந்ததும் சாப்பாட்டுக்கு ஓடுவதற்கு முன் துடைத்துவிடுங்கள். துணியின் எடைக்கட்டியை பெல் பக்கம் போட்டு மேலே இழுத்தால் மேலிருந்து வழியும் ஈரம் பேட்களுக்குப் போகாது. மவுத்பீஸுக்குள் அந்தத் துணியை இழுக்கக் கூடாது. நாளடைவில் உள்விளிம்பு தேயும். அதை வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு விட்டு விரலால் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றினால் மவுத்பீஸின் எபோனைட் (கெட்டி ரப்பர்) பச்சையாகிவிடும். ஜாயின்ட் உள்வாய்களில் தேங்கும் ஈரத்தைத் தனித் துணியால் ஒற்றி எடுங்கள். ரீடு வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். லிகேச்சருக்குள்ளேயே விட்ட ரீடு மழைக்காலத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், மவுத்பீஸையும் நாற வைக்கும்.